மினுக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

தம்பி, அப்பப்பாவின் இங்கிலாந்து இரட்டைக்குழல் துவக்கைப் புதுப்பித்தெடுத்த பிறகு, குழல் கண்ணாடிபோல் கறுத்து மினுங்குகிறது, வேலை சரியா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்தக் காலக் குழல்கள் இரண்டையும் ஈயப் பற்றுவைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் போட்டுக் கறுப்பேற்றினால் பற்று அரிபடும். மெல்லத் துருவேற்றிக் கறுப்பாக்குவதுதான் இவற்றுக்கு ஏற்ற முறை. அதன் நிறம் அடக்கமாக இருக்கும்.

தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, குழலை மட்டும் கழற்றி நூலில் தொங்கவிட்டு விரலால் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று அடங்கினால் ஒட்டு எங்கோ விட்டிருக்கலாம்.

அப்புறம் குழலடியில் உள்ள சோதனை முத்திரைகள், அதாவது குழலை வெடித்துச் சோதித்ததற்கு அடையாளமாகப் பதித்தவை. மழுங்கியிருந்தால் அளவுமீறித் தேய்த்திருக்கிறார்கள். திருகாணித் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருப்பதும் அதே கதைதான். மரம் இரும்பைவிடத் தாழ்ந்திருந்தாலும் நல்ல கை இல்லை.

முக்கியமானது உட்புறம். துருக்குழி போக்கச் சுரண்டினால் சுவர் மெலியும், அது கண்ணுக்குத் தெரியாது. 12 போர் (bore) அளவுத் துவக்கு என்றால் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் சுரண்டியிருக்கலாம். தெரிந்த ஒருவரிடம் சுவர்த் தடிப்பையும் அளப்பியுங்கள். அதுவரை மட்டக்களப்புப் படுவான்கரை வயலில் யானை வெருட்டக்கூட அதை வெடிக்க வேண்டாம்.