ஆரஞ்சுப் பூத் தேன் சர்க்கரையை ஏற்றாதா?

கேள்வி: எனக்கு வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6. ஸ்பெயினில் வலென்சியாவில் வேலை பார்க்கும் மகள், விடுமுறைக்கு வந்தபோது ஆரஞ்சுப் பூத் தேன் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். நன்றாகத் தூக்கம் வரும், ரத்த அழுத்தம் குறையும், வைட்டமின் சி நிறைய உண்டு, மற்றத் தேனைப் போலச் சர்க்கரையை ஏற்றாது என்கிறாள். காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கலாமா? எட்டு மாதப் பேரனுக்கு இருமல். அவன் நாக்கில் கொஞ்சம் தடவலாமா? ஒரு பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்திருக்கிறதே, கலப்படமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பேரனிடமிருந்து தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான். தடவ வேண்டாம். ஒரு சொட்டுகூட வேண்டாம். எந்தத் தேனிலும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்க இடம் கிடைப்பதில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கத் திணறல், ஈனமான அழுகை, இமை தொங்குதல், கை கால் துவளுதல் என்று போய், மூச்சுத் தசைகளையும் அது செயலிழக்க வைக்கலாம். தேனைக் கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பதும், உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் உங்கள் பக்கத்தில் இன்னும் நடக்கின்றன. ‘நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் கொடுக்காதீர்கள். எட்டு மாதக் குழந்தைக்கு இருமல் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே போக வேண்டும்.

இனி உங்கள் விஷயம். தேனீ எடுப்பது பூவின் மதுவை. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதே 100 கிராம் தேனில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. பூவிலிருந்து தேனுக்கு வந்து சேர்வது முக்கியமாக மணம்தான். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. ஹெஸ்பெரெட்டின் என்ற ஃபிளாவனாய்டும் (தாவரங்களில் இருக்கும் ஒருவகைப் பொருள்) இதில் இருக்கிறது. ரத்த அழுத்தக் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ரத்த நாளங்களின் மீது அதன் விளைவைப் பார்த்த ஆய்வுகளில் ஆரஞ்சுச் சாறாகவோ மாத்திரையாகவோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுத்தார்கள். தேனில் இருப்பதோ மிக மிகச் சிறிய அளவு. இதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

‘நொதிகள் நிறைந்தது’ என்றும் சிலர் விற்கிறார்கள். உண்மையில் நாரத்தை, எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பூத் தேனில் டயஸ்டேஸ் நொதி இயல்பிலேயே குறைவு. தேனுக்கான 2001ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி, பொதுவாக அந்த நொதியின் அளவெண் குறைந்தது 8 இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இந்த வகைத் தேனுக்குச் சில நிபந்தனைகளோடு 3 போதும் என்று தளர்த்தியிருக்கிறது. நிறம் வெளிறிய தேனில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளும், கருந்தேனோடு பார்த்தால், பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இது ருசிக்காகப் புகழ்பெற்ற தேன். ருசி என்பது குறைந்த விஷயம் அல்லவே!

தூக்கத்துக்கு வருவோம். ஆரஞ்சுப் பூவை வடித்தெடுத்த நீரை மனப் பதற்றத்துக்குக் குடிக்கும் வழக்கம் ஸ்பெயினில் பழையது. அந்தப் பேர் தேனுக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. தேனை வைத்துத் தூக்கத்தைப் பார்த்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் அது இருமும் குழந்தைகளிடம் நடந்தது. 2012இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு அது. சளி பிடித்து இரவில் இருமிய, 1 முதல் 5 வயது வரையிலான 300 குழந்தைகளுக்கு, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு 10 கிராம் கொடுத்தார்கள். சிலருக்கு நாரத்தை வகைப் பூத் தேன், சிலருக்கு யூகலிப்டஸ் தேன், சிலருக்குத் துளசிக் குடும்பச் செடிகளின் தேன், மீதிப் பேருக்குப் பேரீச்சம்பழப் பாகு. மூன்று தேனுமே பாகைவிட நன்றாக இருமலைத் தணித்தன. குழந்தைகளும் பெற்றோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பாகு குடித்தவர்களுக்கும் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே பேரனுக்கு ஒரு வயது தாண்டிய பிறகு, சளி இருமல் வந்தால் இரவில் அரை டீஸ்பூன் முதல் ஒரு டீஸ்பூன் வரை கொடுக்கலாம். அதற்கு வலென்சியாத் தேன்தான் வேண்டும் என்றில்லை. நம்மூர் நல்ல தேனே போதும்.

சர்க்கரையை ஏற்றாது என்பது மட்டும் சுத்தமாகத் தவறு. எந்தப் பூவின் தேனானாலும் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான்: ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். ஒரு டீஸ்பூனில் 6 கிராம் அளவு. உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்தச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனும் சேர்ந்தே வருகிறது. 7.6இல் இருக்கும் நீங்கள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். ஆசைக்கு என்றாவது ஒரு டீஸ்பூன் எடுத்துக்கொள்ளலாம், அன்றைக்கு வேறு இனிப்பு எதையாவது விட்டுக்கொடுத்து. வெந்நீரில் கலந்தால் நஞ்சாகிவிடும் என்றும் பயமுறுத்துவார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. மணம்தான் கொஞ்சம் போகும்.

உங்களுக்கு இந்தத் தேன் மருந்தாகிற ஒரு சமயம் உண்டு. கிளிமெபிரைடு சாப்பிடுபவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து, கருவியில் 70க்குக் கீழே காட்டினால், ஒரு டேபிள்ஸ்பூன் தேனை அப்படியே விழுங்குங்கள்; 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. இப்படி அடிக்கடி இறங்கினால் உங்கள் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டிலின் அடியில் உறைந்திருப்பது பெரும்பாலும் குளுக்கோஸ் படிகம். நல்ல தேனும் உறையும். கலப்படத்துக்கு அது அடையாளமல்ல. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது போன்ற சோதனைகளும் எதையும் நிரூபிப்பதில்லை. கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் தண்ணீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். ஈரக் கரண்டி போடாதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் புளித்துவிடும்.