துறைமுகத்துக்குள் ஓடும் குட்டி ரயில்கள்: கேள்வி பதில்

அமெரிக்கத் துறைமுகங்களின் ‘ஷார்ட் லைன்’ ரயில்வேக்கள், அதாவது குறுகிய தூரம் மட்டும் ஓடும் சின்ன ரயில் கம்பெனிகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: பெரிய கம்பெனிகளே கப்பல் வரை வண்டியை ஓட்டிவிடலாமே சார், நடுவில் சின்ன கம்பெனி எதற்கு?

ஓட்டலாம்தான். ஆனால் துறைமுகத் தண்டவாளம் ஒரே கம்பெனியிடம் சிக்கினால் அவர்கள் வைத்ததுதான் கட்டணம். நாலைந்து கம்பெனிகள் புகுந்தாலோ ஆளுக்கொரு பாதை, வேகன் கைமாறுவதற்கே நாள் போய்விடும். அதனால்தான் நியூ ஆர்லியன்ஸ் நகரமே சொந்தமாக ஒரு ரயில்வே தொடங்கியது. 1908 முதல் ஓடும் அந்த ‘பப்ளிக் பெல்ட்’டுக்கு எல்லாக் கம்பெனி வேகனும் ஒன்றுதான். 2018இல் அது துறைமுக நிர்வாகத்தின் கைக்கு வந்தது.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் எப்போது தொடங்கியது?

1869இல். பினியாஸ் பானிங் முன்னின்று துறைமுகத்திலிருந்து ஊருக்கு 21 மைல் பாதை போட்டார். சில வருடங்களில் சதர்ன் பசிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனி வந்தது. “எங்கள் மெயின் லைன் உங்கள் ஊர் வழியாகப் போக வேண்டுமா? அந்தப் பாதையையும் கொடுங்கள்” என்பது பேரம். ஊரும் 1872இல் ஓட்டுப்போட்டுச் சம்மதித்தது. என்னைக் கேட்டால், முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கேள்வி: நியூயார்க்கில் வேகன்களைப் படகில் ஏற்றுவார்களாமே, நிஜமா?

நிஜம், இன்றும் நடக்கிறது. ஜெர்சி சிட்டிக்கும் புரூக்ளினுக்கும் நடுவே தண்டவாளம் பதித்த பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) போய்வருகிறது. தரை வழியே போவதென்றால் சுமார் 140 மைல் வடக்கே செல்கிர்க் வரை ஏறி, ஹட்சன் ஆற்றைக் கடந்து, திரும்பவும் இறங்க வேண்டும்.

ஏற்றுவதில்தான் சாமர்த்தியம். கரையிலிருக்கும் பாலத்தின் நீர்ப்பக்க முனை அலையேற்ற இறக்கத்தோடு மேலும் கீழும் போகும். பார்ஜின் தண்டவாளத்தோடு அதை நேர்ப்படுத்திப் பூட்டுவார்கள். இன்ஜின் கனம் பாலத்துக்கு ஆகாது. அதனால் இன்ஜினுக்கும் சரக்கு வேகனுக்கும் நடுவே காலியான தட்டை வேகன்களைக் கோத்து, கரையில் நின்றபடியே தள்ளுவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக நிரப்பினால் பார்ஜ் சாய்ந்துவிடும். அதனால் இரு பக்கமும் மாற்றி மாற்றித்தான் ஏற்றுவார்கள், இறக்குவதும் அப்படியே.

கேள்வி: கண்டெய்னர் வந்ததும் இவையெல்லாம் போய்விட்டனவா?

எல்லாம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் பெல்ட் ரயில்வே 1993இல் நின்றது. கண்டெய்னர் கப்பல்கள் எதிர்க்கரை ஓக்லண்டுக்குப் போய்விட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் கதை வேறு. 2002இல் துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகும் 20 மைல் சரக்கு ரயில் பாதையான அலமேடா காரிடார் திறந்த பிறகும், துறைமுகத்துக்குள் ஷண்டிங் வேலை (வேகன்களைப் பிரித்து, கோத்து, இடம் மாற்றுவது) 1998இல் வந்த பசிபிக் ஹார்பர் லைன் என்ற ஷார்ட் லைன் வசமே இருக்கிறது. பெரிய கம்பெனிகள் நீண்ட வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் தாண்டுவதோடு சரி.