எல்லா எண்ணையும் எழுத வேண்டாம்: ஐஇஎல்டிஎஸ் வரைபடக் கேள்விக்கு ஒரு வழி

கேள்வி: டீச்சர், நான் ரங்கூனில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் படிக்கலாம் என்று ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங், ரீடிங் இரண்டிலும் 6.5 வந்தது, ரைட்டிங்கில் மட்டும் 5.5. முதல் டாஸ்க்கில் வந்த கிராஃபில் ஒரு எண்ணையும் விடாமல் எழுதினேன், 230 சொல்லுக்கு மேல் போய்விட்டது. இரண்டாவது டாஸ்க்கான கட்டுரைக்கு நேரம் போதவில்லை. இந்தக் கேள்வியை எப்படி எழுதுவது?

பதில்: தம்பி, ஒரு எண்ணையும் விடாமல் எழுதியதுதான் உங்கள் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். முதல் டாஸ்க்குக்குக் குறைந்தது 150 சொல் வேண்டும், அதற்கு 20 நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கட்டுரைக்கு 250 சொல், 40 நிமிடம், மதிப்பெண்ணிலும் அதற்கு இரண்டு மடங்கு எடை. ஆக, கிராஃபுக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒவ்வொரு நிமிடத்தையும் கட்டுரையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்விக்குக் கீழே எப்போதும் ஒரே கட்டளைதான் இருக்கும்: முக்கியமானதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், பொருத்தமான இடத்தில் ஒப்பிடுங்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் பாடத்தை வரி விடாமல் ஒப்பித்து மார்க் வாங்கிய பிள்ளைகளுக்கு, எதையாவது விட்டுவிடுவது பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தைப் பாருங்கள். விவரங்களை இயந்திரம் மாதிரி அடுக்கிக்கொண்டே போவதை 5-ஆம் பேண்டின், அதாவது 5 மதிப்பெண் நிலையின், அடையாளமாகச் சொல்கிறது. 6-க்கு ஓவர்வியூ எழுத முயன்றிருக்க வேண்டும், 7-க்கு அது தெளிவாக இருக்க வேண்டும். ஓவர்வியூ என்றால் எண் எதுவும் இல்லாமல், படம் மொத்தத்தில் என்ன காட்டுகிறது என்று சொல்லும் ஒன்றிரண்டு வாக்கியம். அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், நேரம் தீர்ந்தால் முதலில் விட்டுப்போவது அதுதான். அறிமுக வாக்கியத்துக்கு அடுத்த பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

நம் கதையையே ஒரு அட்டவணையாக எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். பர்மாவில் இருந்த இந்தியர்களின் எண்ணிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி: 1901-இல் 568,263. 1911-இல் 743,288. 1921-இல் 887,077. 1931-இல் 1,017,825.

உடனே எழுத ஆரம்பிக்காதீர்கள். மூன்று நிமிடம் பார்த்தால் போதும். எண்ணிக்கை ஒரு தடவைகூடக் குறையவில்லை என்பது முதல் பார்வையிலேயே தெரியும். அடுத்தது கொஞ்சம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும்: முதல் பத்தாண்டில் கூடியது சுமார் 175,000, அடுத்ததில் 144,000, கடைசியில் 131,000. கூடிக்கொண்டே போகிறது, ஆனால் கூடும் அளவு குறைந்துகொண்டே வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஓவர்வியூ ஆயிற்று. ஆங்கிலத்தில் இப்படி வரும்: 'ஓவரால், த நம்பர் ஆஃப் இந்தியன்ஸ் இன் பர்மா ரோஸ் த்ரூஅவுட் த பீரியட், ஆல்தோ த இன்கிரீஸ் பிகேம் ஸ்மாலர் ஈச் டெகேட்.' அலங்காரச் சொல் ஒன்றும் இதில் இல்லை, தேவையும் இல்லை. ஏறுகிற கோட்டுக்கெல்லாம் 'ஸ்கைராக்கெட்' என்று மனப்பாடமாக எழுதுவதைவிட 'ரோஸ்' என்று சரியாக எழுதுவது மேல்.

அதற்குப் பிறகு விவரப் பத்திகள். 1901-இல் சுமார் 570,000-இல் தொடங்கியது, அடுத்த பத்தாண்டில்தான் மிக அதிகமாகக் கூடியது, 1931-இல் பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. நான்கு எண்ணையும் முழுசாக எழுத வேண்டியதில்லை. எட்டுக் கோடு, பத்து வருடம் என்று கிராஃப் வந்தால், தொடக்கம், முடிவு, உச்சம், கோடுகள் ஒன்றையொன்று தாண்டும் இடம் இவை கிடைத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அட்டவணையைப் பார்த்ததும் உங்களுக்கு எத்தனையோ நினைவுக்கு வரும். ஐராவதி டெல்டாவின் நெல் வயல்கள், செட்டியார் கடன், 1930 ரங்கூன் கலவரம், 1942-இல் தாத்தா பாட்டி நடந்தே இந்தியாவுக்குப் போன கதை. ஒன்றையும் எழுதக் கூடாது. படத்தில் இல்லாத காரணமோ உங்கள் கருத்தோ இந்த டாஸ்க்கில் சேராது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதைக் கட்டுரையில் இடம் கிடைத்தால் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது லட்சக் கணக்கில். வீட்டில் லட்சம், கடைவீதியில் பர்மியச் சொல்லான தெய்ன், இரண்டுமே 100,000-தான். தேர்வுத் தாளிலோ தௌசண்டும் மில்லியனும்தான் இருக்கும். பத்து லட்சம் ஒரு மில்லியன். காற்புள்ளியும் 10,17,825 என்று விழாமல் 1,017,825 என்று விழ வேண்டும். கிராஃபின் அச்சுக் கோட்டு ஓரத்தில் 'தௌசண்ட்ஸ்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால், 50 என்பது 50,000 ஆகிவிடும். அதைப் பார்க்காமல் எழுதினால் எழுதிய எண் அத்தனையும் தப்பு.

அப்புறம் 'டு', 'பை' வேறுபாடு. 175,000 கூடியது என்றால் 'ரோஸ் பை', 743,000 ஆனது என்றால் 'ரோஸ் டு'. ஒரு பங்கு 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதம் ஆனால் அது 2 'பெர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்' கூடியது, 2 'பெர்சென்ட்' அல்ல. மனிதர்களுக்கு 'நம்பர் ஆஃப்', தண்ணீருக்கும் பணத்துக்கும் 'அமௌண்ட் ஆஃப்'. போன வருடங்களின் புள்ளிவிவரம் என்றால் இறந்தகாலம்.

ஒரு பொருள் தயாராகும் முறையைப் படமாகக் கொடுத்தால் நிகழ்காலமும் செயப்பாட்டு வினையும் வேண்டும். நெல் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் காய வைக்கப்படுகிறது, உமி நீக்கப்படுகிறது, அரிசி தீட்டப்பட்டு மூட்டையில் அடைக்கப்படுகிறது. செய்கிற ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் எத்தனை கட்டம், எதில் தொடங்கி எதில் முடிகிறது என்பதே அங்கே ஓவர்வியூ. ஊர் வரைபடம் இரண்டு கொடுத்தால், எது போயிற்று, எது புதிதாக வந்தது, எந்தத் திசையில் என்று பாருங்கள்.

அறிமுகத்தில் கேள்வியின் வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதாதீர்கள், அதற்கு மதிப்பில்லை. 170, 180 சொல்லில் நிறுத்திக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். 20 நிமிடம் ஆனதும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அதை முடித்துவிட்டுக் கட்டுரைக்குப் போய்விடுங்கள்.

பழக ஒன்று தருகிறேன். 2014 கணக்கெடுப்பில் ரங்கூன் பிரதேசத்தில் 73.6 லட்சம் பேர், ஐராவதியிலும் மாந்தலேயிலும் ஏறக்குறைய 62 லட்சம், ஷான் மாநிலத்தில் 58 லட்சம், கயா மாநிலத்தில் 2.9 லட்சம். இதற்கு ஓவர்வியூ மட்டும் இரண்டு வாக்கியத்தில், ஒரு எண்கூட இல்லாமல், ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதி அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.