பேரேட்டில் இல்லாத பக்கம்

கேள்வி: தூத்துக்குடியில் மூன்று தலைமுறையாக பேக்கரி நடத்தும் குடும்பத்தில் பிறந்தவள் நான். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடை. எனக்கு வயது 36. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். இப்போது அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அம்மாவும் அவனோடுதான் இருக்கிறார். என் பங்காக அண்ணன் கொடுத்த பணம் கையில் இருப்பதால், ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு துப்பறியும் நாவல் எழுதி வருகிறேன். ‘கோஸி மிஸ்டரி’ என்கிறார்களே, ரத்தமும் கத்தியும் இல்லாமல், சின்ன ஊரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே நடக்கும் கொலைக் கதை, அந்த வகை. விடியற்காலையில் பேக்கரி முதலாளி அடுப்பு அறையில் இறந்து கிடக்கிறார். கையில் பாதி கடித்த மக்ரூன். மக்ரூனுக்குப் பிசைந்த மைதாவில் யாரோ விஷம் கலந்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து வரும் மகள் துப்புத் துலக்குகிறாள். கொலையாளியாக மாஸ்டரை வைக்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் கடையில் 34 ஆண்டுகள் இருந்த மாஸ்டர்தான் அந்தப் பாத்திரத்துக்கு மாதிரி. சின்ன வயதில் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஆனாலும் குடும்பத்து ஆள் இல்லை என்பதால் யார் மனமும் புண்படாது. அப்பா போன மூன்றாம் மாதமே அவரும் வேலையை விட்டுவிட்டதால் கதைக்கும் பொருந்துகிறது. முக்கியத் தடயம், கணக்குப் பேரேட்டில் கிழிக்கப்பட்ட ஒரு பக்கம். இது மட்டும் கற்பனை இல்லை. அப்பாவின் பேரேட்டில் மாஸ்டர் பெயரில் இருந்த பக்கம் உண்மையிலேயே கிழிக்கப்பட்டிருந்தது. அண்ணனிடம் கேட்டதற்கு, ‘பழைய கணக்கு, விடு’ என்றான். இந்தக் கொலை நம்பும்படி இருக்கிறதா? வேறு யாரையாவது கொலையாளி ஆக்கலாமா? தன்னை வைத்து எழுதியதாக நினைத்து அண்ணன் கோபப்படுவானா?

பதில்: உங்கள் நாவலில் கொலையைச் செய்தவர் யார் என்பதை அச்சுக்குப் போகும் நாள் வரையில் நீங்கள் மாற்றிக்கொண்டே இருக்கலாம், எழுதுகிறவருக்கு அந்த வசதி உண்டு. உங்கள் அப்பாவின் பேரேட்டில் மாஸ்டர் பெயரில் இருந்த பக்கத்தைக் கிழித்தவர் யார்? அண்ணன் ‘விடு’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். உங்கள் கதாநாயகி அப்படி விட்டிருந்தால் நாவல் இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்.

அதற்கு முன் மக்ரூனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மக்ரூனில் மைதா கிடையாது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் சரக்கு. வெள்ளைக்கருவை நுரைத்துப் பொங்கும் வரை அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, தட்டில் கூம்பு கூம்பாக வைத்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் உலரவிட்டு எடுப்பார்கள். பிசைவதென்ற பேச்சே அதில் இல்லை. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்த வரியைப் படித்தால் போதும், புத்தகத்தை மூடிவிடுவார். மூன்று தலைமுறை பேக்கரியின் மகளுக்கு இது தெரியவில்லையென்றால், நீங்கள் அந்தக் கடையின் கல்லாப் பக்கம் நின்றிருக்கிறீர்களே தவிர, அடுப்புப் பக்கம் ஒரு நாளும் நின்றதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் உறங்கும் நேரத்தில் எழுந்து, அடுப்புக்குள் கையை நீட்டிச் சூடு பார்த்து, அந்தக் கையிலுள்ள மயிரெல்லாம் பொசுங்க 34 ஆண்டுகள் அங்கே நின்றவரைத்தான் கொலைகாரர் ஆக்கப் பார்க்கிறீர்கள். மாமா என்று கூப்பிட்டு அவர் கையிலிருந்து சூடான பன்னை வாங்கித் தின்ற வாய், ‘குடும்பத்து ஆள் இல்லை’ என்று எழுதுகிறது.

அவர் வேலையை விட்டுப் போனது கதைக்குப் பொருந்துகிறது என்கிறீர்கள். இந்த நியாயம் புதிதில்லை. 1857 ஜனவரி 15 அன்று ஹாங்காங்கில் இதே நியாயத்தைத்தான் பேசினார்கள். இரண்டாம் அபினிப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கிருந்த ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்கு ரொட்டி கொடுத்துவந்தது ஈசிங் பேக்கரி என்ற சீனக் கடை. அன்று காலை அந்த ரொட்டியைத் தின்ற முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். ஆளுநர் ஜான் பௌரிங்கின் மனைவியும் அவர்களில் ஒருவர். ரொட்டியில் கலந்திருந்தது வெள்ளைப் பாஷாணம் என்று நாம் சொல்லும் ஆர்சனிக். அளவுக்கு மீறிக் கலந்திருந்ததால் வயிறு அதை ஏற்காமல் வெளியே தள்ளிவிட்டது. பெரும்பாலோர் பிழைத்தது அதனால்தான். (உங்கள் முதலாளி பாதி மக்ரூனைக் கடித்ததும் சத்தமில்லாமல் சாய்கிறாரே, அதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.) கடை முதலாளி சியோங் ஆ-லம் அன்று காலையில்தான் குடும்பத்தோடு மக்காவ் நகருக்குக் கப்பலேறியிருந்தார். விஷம் வைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று ஊரே முடிவுகட்டியது. கப்பலிலோ அவருடைய குடும்பத்தாரே அந்த ரொட்டியைத் தின்றுவிட்டு நோயில் கிடந்தார்கள். அவரைப் பிடித்துவந்து வழக்கு நடத்தினார்கள். ஜூரிகள் ஆறு பேரில் ஐந்து பேர் அவர் குற்றமற்றவர் என்றார்கள். அப்படியும் அவரை அந்த ஊரில் இருக்கவிடவில்லை. கடையில் மாவு பிசைந்த ஆட்களையோ கூட்டமாகப் பிடித்துவந்து, மூச்சு விடவும் இடமில்லாத ஓர் அறையில் நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். விஷத்தை யார் கலந்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை.

இந்தப் பழியைத் தெரிந்தே சுமத்தியவர்களும் உண்டு. 1871-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கிறிஸ்டியானா எட்மண்ட்ஸ் என்ற பெண், தன்மேல் விழுந்திருந்த சந்தேகத்தை மறைப்பதற்காக, ஊரில் பெயர்பெற்ற ஒரு மிட்டாய்க் கடையில் சாக்லேட் வாங்கி, அதில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷத்தை ஏற்றி, அவை மறுபடியும் அந்தக் கடைக்கே போய்ச் சேரும்படி செய்தார். அதைத் தின்ற நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தச் சாவு விசாரணையில் இந்த அம்மாளே வந்து நின்று, அந்தக் கடைச் சாக்லேட் தன் உடம்புக்கும் கேடு செய்ததாகச் சாட்சி சொன்னார். தின்பண்டம் செய்கிறவனைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மாஸ்டரைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். என் தகப்பனார் ஓர் அரிசி மண்டியில் 30 ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர். சனிக்கிழமை சம்பளம் கொடுப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை அங்கேயே திருப்பிக் கொடுத்து, ‘என் பேரில் போட்டு வையுங்க’ என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் கரைந்துவிடும், வங்கிக்குப் போகக் கூச்சம், மகள் கல்யாணத்துக்கு முதலாளி கையால் மொத்தமாக வாங்கினால் நாலு பேர் முன்னால் ஒரு மதிப்பு. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். கணக்கு தீர்ந்த அன்று என் தகப்பனார் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, கீழே ‘தீர்ந்தது’ என்று எழுதி, ஆளின் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கி, மை காயும் வரை ஊதிக்கொண்டிருப்பார். கிழிக்கமாட்டார். தீர்ந்த கணக்கின் பக்கத்தை எந்த முதலாளியும் கிழிப்பதில்லை; நாளைக்கு யாராவது வந்து பாக்கி என்று நின்றால், விரித்துக் காட்டுவதற்கு அந்தப் பக்கம் வேண்டும். தீராத பக்கம் காணாமல் போனால்தான் ஒருவருக்கு லாபம்.

உங்கள் அண்ணன் சொன்னது ‘பழைய கணக்கு’ என்று. ‘தீர்ந்த கணக்கு’ என்று அவர் சொல்லவில்லை. துப்பறியும் நாவல் எழுதுகிறவர் இதைக் கவனித்திருக்க வேண்டாமா?

அண்ணன்தான் கிழித்தார் என்று நான் தீர்ப்பெழுதவில்லை. கணக்குப் பார்க்கும் வேறு எவரும் கிழித்திருக்கலாம். உங்கள் அப்பாவே கிழித்திருக்கவும் கூடும், செத்துப்போனதால் ஒருவர் சுத்தமாகிவிடுவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். பேரேடு என்பது தானாக எழுதப்படுவதில்லை. அன்றன்று நடந்த வரவு செலவை முதலில் சிட்டையில் தேதிவாரியாகக் குறித்துவிட்டு, பிறகு ஓய்வாக உட்கார்ந்து பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தவர், அந்த ஒரு பக்கத்துக்கு மூலமான நூற்றுக்கணக்கான வரிகளைச் சிட்டைகளிலிருந்து கிழித்திருக்க முடியாது. மூன்று தலைமுறைக் கடையில் சிட்டைகளை எடைக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பரணிலோ, மாவு மூட்டைக்குப் பின்னாலுள்ள அலமாரியிலோ சணல் கயிற்றில் கட்டிக் கிடக்கும். சனிக்கிழமைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். ‘மாஸ்டர் வரவு’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அதைக் கூட்டுங்கள், எடுத்ததைக் கழியுங்கள். கிழிந்த பக்கம் உங்கள் மடியில் மறுபடியும் வந்து உட்காரும். நாவலுக்கும் இது நல்ல திருப்பம், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவையும் கேளுங்கள். கடை சாத்தியபின் அப்பா கணக்கெழுதிய இரவுகளில் அந்த வீட்டில் விழித்திருந்தவர் அவர். உங்கள் கடிதத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சின்ன வாக்கியம்.

அடுத்ததாகப் பணம். சேமிப்பு ஒரு புறம் இருக்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்து விலகுகிறவருக்கு, பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். மாஸ்டரின் கடைசிச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 34 ஆண்டுகளுக்கு 3,53,000 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. அதை யாராவது கொடுத்தார்களா? அவர் மூன்றாம் மாதமே போனது ஏன் என்று உங்கள் வீட்டில் யாராவது அவரைக் கேட்டார்களா?

இது அண்ணனுடைய பாடு என்று ஒதுங்கிவிடாதீர்கள். ‘என் பங்காகக் கொடுத்த பணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தவர் விட்டுச்சென்ற கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பாளிகள் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்: கடையின் பெயரையும் லாபத்தையும் பங்கு போட்டுக்கொள்ள முன்வருகிற பிள்ளைகள், தகப்பன் கொடுக்க வேண்டியதையும் அதே தட்டில் வைத்துத்தான் பங்கு போட வேண்டும். மாஸ்டரின் பாக்கியைக் கழிக்காமல் பிரித்த பங்கு என்றால், அவரைக் கொலைகாரராக்கி நீங்கள் எழுதும் இந்த ஆறு மாதத்துக்கும் அவரே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் கோபப்படுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். படுவார், நாவலைப் படிப்பதற்கு முன்பே, சிட்டைக் கட்டை நீங்கள் கேட்ட அன்றைக்கே படுவார். தொலைபேசியில் கேட்காதீர்கள், நேரில் போங்கள், அம்மா இருக்கும்போது கேளுங்கள், குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள். ‘நாம் இரண்டு பேரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்’ என்று உட்காருங்கள். கடையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கும் அவருக்கு, கையில் காசில்லாத ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது; அதைச் சொல்ல அவருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கலாம். கூட்டி வரும் தொகையில் உங்கள் பங்கை முதலில் நீங்கள் எடுத்து வையுங்கள், பிறகு அவர் பங்கைக் கேளுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

பிறகு இரண்டு பேருமாக மாஸ்டர் வீட்டுக்குப் போங்கள். கடைப் பலகாரப் பெட்டி எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சிட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் கணக்கும் உங்கள் கணக்கும் வேறுபட்டால் அவர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரையில் உங்கள் முதலாளி அடுப்பு அறையில் பாதி மக்ரூனோடு அப்படியே கிடக்கட்டும். அந்த மக்ரூனில் என்னென்ன சேரும் என்பதையும் மாஸ்டரிடமே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.