வாசகர் கேள்வி: பழைய மாணவரின் திரைப்பட வட்டம்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு படமாக ஆறு மாதங்களுக்குத் திரையிட்டுக் கலந்துரையாட எண்ணியுள்ளோம். குழுவிலுள்ள ஆறு பேரும் தத்தமக்குப் பிடித்த படம் ஒன்றைச் சொல்லிவிட்டனர். இந்தப் பட்டியலே போதுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: போதாது. ஆறு பேரின் விருப்பங்களை வரிசைப்படுத்தினால் ஆறு தனித்தனி மாலைகள் கிடைக்குமே தவிர, ஒரு தொடர் அமையாது. முதல் மாதம் பேசியதை இரண்டாம் மாதம் தொட்டுப் பேச முடியாவிட்டால், வந்தவர் மறுபடி வருவதற்குக் காரணம் ஒன்றும் இராது. ஆகவே படங்களைச் சோடியாக எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வட்டம் 'பொன்மணி'யில் தொடங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. 1977இல் வெளியான அந்தப் படத்தை இயக்கிய தர்மசேன பத்திராஜ, 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தில் (இன்றைய உங்கள் பல்கலைக்கழகத்தில்) விரிவுரையாளராக இருந்தவர். சிங்களவரான அவர், காவலூர் இராஜதுரையின் எழுத்தைக் கொண்டு, யாழ்ப்பாணத்து வீடொன்றின் திருமணப் பேச்சையும் சீதனத்தையும் சாதியையும் இந்த மண்ணிலேயே படமாக்கினார். அதற்கு அடுத்த மாதம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படமான 'கம்பெரலிய'வைப் போடுங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963இல் வந்து, 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்ற அப்படமும், தென்னிலங்கையில் நொடித்துப்போகும் பெரிய வீடொன்றையும் அந்தஸ்துப் பார்த்து மறுக்கப்படும் திருமணத்தையும் பற்றியதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் ஒப்பிடாமல் இருக்க மாட்டார்கள். அந்த ஒப்பீட்டுக்குத் தலைமையுரை எதுவும் தேவையில்லை.

இன்னொரு சோடி கடற்கரையில் இருக்கிறது. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய 'வாடைக்காற்று', பத்திராஜவின் சிங்களப் படமான 'பம்பறு எவித்' ஆகிய இரண்டும் 1978இல் வெளிவந்தவை. மீனவக் கிராமமொன்றுக்கு வெளியார் வந்து சேரும்போது தொழிலிலும் உறவிலும் என்ன குலைகிறது என்பதை இரண்டும் வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன. மற்ற இரு மாதங்களுக்கும் உறுப்பினரின் விருப்பப் படங்களைச் சேர்க்கலாம், மனத்தாங்கலும் குறையும். ஆனால் காட்டத்தக்க தரத்தில் பிரதி கைக்கு வரும் வரை எந்தப் பெயரையும் துண்டுப்பிரசுரத்தில் அச்சிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கலந்துரையாடல்களில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பேசிவிடுகிறார். மரியாதை கருதி எவரும் குறுக்கிடுவதில்லை. இளையவர்களோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகின்றனர்.
- வாசகி, கோண்டாவில்

பதில்: பேராசிரியரை முதலில் பேச அழைப்பதை நிறுத்தி, இறுதியில் அழையுங்கள். அவருக்கும் அது மதிப்புத்தான். மற்றவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு பேசுவதால், ஆயத்தம் செய்துவந்த உரை தானாகவே சுருங்கிவிடும். இளையவர்கள் எழுந்து போவதற்கு முழுப் பழியையும் அவர்மேல் போட்டுவிடவும் முடியாது. இரண்டு மணி நேரப் படத்தை ஆறு மணிக்குத் தொடங்கினால், ஊர்ப்பக்கம் போகும் பெண்பிள்ளைகள் எப்படி இருந்து பேசுவார்கள்? பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்குங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதே இதைவிட முக்கியமானது. "படம் பிடித்ததா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளோடு பேச்சு நின்றுவிடும், "படம் சொல்லும் செய்தி என்ன?" என்று கேட்டாலோ பரீட்சை விடைத்தாள் வாசிப்பதுபோல் ஒவ்வொருவரும் ஒரே விடையைத் திருப்பிச் சொல்வார்கள். அவற்றுக்குப் பதிலாக, படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சி ஒன்றை முன்கூட்டியே தெரிந்தெடுத்து, படம் முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். வசனம் அடங்கியதும் கண் வேலை செய்யத் தொடங்கும்: விறாந்தையில் கதிரையில் இருப்பவர் யார், தூணோடு நிற்பவர் யார், தேநீர்த் தட்டோடு வரும் பெண் எந்தக் கதவால் வருகிறாள், கமரா எவர் பக்கம் நின்று இவற்றைப் பார்க்கிறது என்பவையெல்லாம் தெரியவரும். கண்ணால் கண்டதைச் சொல்ல முதலாம் வருட மாணவிக்கும் கூச்சம் வராது, பேராசிரியரும் அதை மறுக்க முடியாது. சாதி பற்றியும் சீதனம் பற்றியும் பேசவேண்டியவை அங்கிருந்து தாமாகவே வந்து சேரும்.

கேள்வி: மண்டபத்தில் படம் மங்கலாகத் தெரிகிறது, வசனமும் விளங்குவதில்லை. புதிய புரொஜெக்ரர் வாங்க வேண்டுமா?
- வாசகர், கொக்குவில்

பதில்: வாங்குவதற்கு முன் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள்; மங்கலில் பெரும்பங்கு பகல் வெளிச்சத்தால் வருவது. வசனத்தை விழுங்குவன தலைக்கு மேல் சுழலும் மின்விசிறிகள். வெக்கையில் அவற்றை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஒலிபெருக்கிகளைத் திரையின் அடியில் வைக்காமல், அமர்ந்திருப்போரின் காது மட்டத்துக்குச் சற்று மேலாக உயர்த்தினால் பாதிக் குறை தீரும். சமதளத் தரையுள்ள மண்டபமாயின் திரையையும் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் சிங்களப் படத்தின் உபதலைப்புகளை முன்வரிசைத் தலைகள் மறைத்துவிடும். 1950களின் முற்பகுதி வரை வந்த படங்களிற் பெரும்பாலானவை 1.37:1 என்ற, சற்றே சதுரம் சார்ந்த அளவில் எடுக்கப்பட்டவை. திரை நிரம்பட்டும் என்று அவற்றை அகட்டிப் போடுபவர்கள் உண்டு. முகங்கள் வீங்கித் தெரியும் அந்தக் காட்சியை விட, இரு பக்கமும் கறுப்பாக இருப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. அப்படியிருந்தும் அனுமதி வேண்டுமா?
- வாசகர், நல்லூர்

பதில்: வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தைப் பொதுவில் காட்டும் உரிமை உரிமையாளருக்கே உரியது. வீட்டில் பார்ப்பதற்கென வாங்கிய டிவிடியோ இணையச் சந்தாவோ அந்த உரிமையைத் தருவதில்லை. உரிமையாளருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ எழுதும்போது நாள், இடம், எதிர்பார்க்கும் பார்வையாளர் தொகை, இலவசக் காட்சி என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பொதுமக்களுக்கு அழைப்பு விடுப்பதாயின், படங்களைத் தணிக்கை செய்யும் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் அந்தப் படத்துக்கு உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் அனுமதிக் கடிதத்தில் ஒரு பிரதியை மண்டபப் பொறுப்பாளரிடமும் கொடுத்து வையுங்கள்.