காபிக்கொட்டை கேப்சூலால் உடம்பு கெட்டது: பாட்டிலைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் தாண்டிக்குடிப் பக்கம். எடை குறைய என்று என் மனைவி ஆன்லைனில் பச்சைக் காபிக்கொட்டைச் சாறு கேப்சூல் வாங்கி இரண்டு மாதம் சாப்பிட்டார். படபடப்பு, தூக்கமின்மை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் கூடியிருக்கின்றன. டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். கம்பெனியோ, “இயற்கைப் பொருள், கெடுதல் வராது. பாட்டிலை அனுப்புங்கள், பணம் தருகிறோம்” என்கிறது. என்ன செய்வது?

பதில்: பாட்டிலை அனுப்பாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். மிச்சக் கேப்சூல், அட்டைப்பெட்டி, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கம்பெனி அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ‘இனி உரிமை கோர மாட்டேன்’ என்ற வாசகத்தோடு பணம் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இயற்கை என்பது சட்டத்தில் பதிலே ஆகாது. வறுக்காத காபிக்கொட்டையில் கார்பாக்சிஅட்ராக்டிலிஜெனின் வகைச் சேர்மம் இயல்பாகவே உண்டு. உயிரணு சக்தி உண்டாக்குவதை அது தடுக்கக்கூடியது. வறுக்கும்போது அது மாறிவிடுகிறது. நாம் குடிக்கும் காபியை வைத்து இந்தக் கேப்சூலை எடைபோட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். களத்தில் சரியாகக் காயாத கொட்டையில் பூஞ்சை பிடித்தால் ஓக்ராடாக்சின் ஏ என்ற நஞ்சு சேரலாம், அது சிறுநீரகத்துக்குக் கேடு. காஃபீன் வேறு இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பற்ற உணவு எது என்று சொல்லும்போது, கெடுதலான பொருள் அதிலேயே இருந்தாலும் போதும் என்கிறது. அது கொட்டையிலேயே இருந்ததா, கலந்ததா என்பது அடுத்த கேள்வி.

உங்கள் வழக்கில் கடினமான இடம், இந்தக் கேப்சூல்தான் காரணம் என்று நிரூபிப்பது. எப்போது தொடங்கினார், எப்போது நிறுத்தினார், நிறுத்தியபின் அளவுகள் இறங்கினவா என்பதை டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். வேறு மருந்து சாப்பிட்டிருந்தால் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும்.

திண்டுக்கல்லில் உள்ள உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு உடனே மனு கொடுங்கள். நீங்களே தனியார் ஆய்வகத்துக்கு அனுப்புவதைவிட, அதே பேட்ச் எண்ணில் அதிகாரி எடுக்கும் மாதிரிக்கு மதிப்பு அதிகம். பாதிப்புக்கு இழப்பீடு தரவைக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்தில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்றிருந்தால் எந்த ஆய்வு என்று கேளுங்கள். பெங்களூருவில் நடத்தி 2012இல் வெளியான, பலரும் காட்டிய காபிக்கொட்டை ஆய்வு 2014இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

அப்புறம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் பொருள் பொறுப்பு, அதாவது பொருளின் குறையால் வரும் கெடுதலுக்கு அதைத் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பேற்பது என்று தனி அத்தியாயமே உண்டு. போதிய எச்சரிக்கை அச்சிடாததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. உணவுச் சட்டத்தில் குற்ற நடவடிக்கைக்கு பொதுவாக 1 ஆண்டுதான் என்பதால் அந்த மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள்.