கேளுங்கள், பதில் சொல்கிறேன்: ஒன்றும் கேட்காத ஜெபம்

கேள்வி: ஐயா, நான் எங்கள் சபையில் பொருளாளராக இருக்கிறேன். குடி கிடையாது, கடன் கிடையாது, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) தவறியதே இல்லை. படிப்பு, வேலை, வீடு எல்லாமே என் உழைப்பில் வந்தவை. ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சேர்ந்து சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவர் கண்ணீர் விடுகிறார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். தேவன் இல்லாமல் என்னால் ஆகாது என்ற எண்ணம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. இல்லாததை இருப்பதுபோலச் சொல்வது மாய்மாலம் இல்லையா? — பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தம்பி, கடிகாரத்தைப் பார்த்ததையும் மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கே முதலில் நன்றி. பொருளாளர் என்கிறீர்கள், அதனால் கணக்குப் பார்ப்பவரிடம் பேசுகிறாற்போலவே பேசுகிறேன்.

லூக்கா 18-ல் இயேசு ஒரு உவமை சொல்கிறார்: வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற பரிசேயன் ஒருவனும், வரி வசூலிக்கிற ஆயக்காரன் ஒருவனும் ஆலயத்தில் ஜெபிக்கிறார்கள். அந்தப் பரிசேயனின் ஜெபத்தை எடுத்துத் தணிக்கை செய்து பாருங்கள். 'வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்' என்கிறான். மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் எல்லோருக்கும் கட்டளையிட்டது வருஷத்தில் ஒரே ஒரு நாள், பாவநிவாரண நாள்தான். அவனோ கேட்டதற்கு மேல் எவ்வளவோ செய்கிறான். தசமபாகமும் சம்பாத்தியம் எல்லாவற்றிலும் போகிறது. பொய்க் கணக்கு என்று இயேசு சொல்லவில்லை. அது மட்டுமா, 'உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்று நன்றியோடுதான் ஆரம்பிக்கிறான். நாம் மேடையில் அவனை வில்லனாக்கிப் பிரசங்கித்துப் பழகிவிட்டோம். நம் சபைகளில் இருந்தால் அடுத்த கமிட்டித் தேர்தலில் நாமே அவனை முன்மொழிந்திருப்போம்.

அப்படியானால் குறை எங்கே? அந்த ஜெபத்தில் வேண்டுதல் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லை. மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறான், தன்னைப் பற்றிச் சொல்கிறான், முடித்துவிடுகிறான். தேவனிடம் எதையும் கேட்கவே இல்லை. ஆயக்காரனின் ஜெபத்தில் வேண்டுதலைத் தவிர வேறெதுவும் இல்லை: 'தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.' கேட்டவன் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்கிறார் ஆண்டவர். மற்றவன் கேட்கவும் இல்லை, வாங்கிப் போகவும் இல்லை.

ஆகவே கண்ணீரை விடுங்கள். சிலருக்குச் சட்டென்று அழுகை வரும், சிலருக்கு வராது, அது சுபாவம். நான் உங்களிடம் கேட்பது வேறு. உங்களால் முடியாத ஒன்றைத் தேவனிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

'எல்லாம் என் உழைப்பு' என்றதும் எனக்கு இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா பட்டணம்தான் ஞாபகம் வந்தது. கி.பி. 60-ல் பூமியதிர்ச்சியில் அந்த ஊர் இடிந்தது. ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பட்டணத்துக்கு அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தில் அதே ஊர்ச் சபை 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களின் பேச்சு சபைக்குள்ளும் புகுந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில்தான் ஆண்டவர் 'வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்' என்கிறார். சபை உள்ளே, அவர் வெளியே!

உழைத்தீர்கள், சரி. உழைக்கத் தெம்பு, சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார், தக்க நேரத்தில் ஒரு வாய்ப்பு, இவையெல்லாம் உங்கள் தயாரிப்பா? 'உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?' என்று பவுல் கொரிந்தியரிடம் கேட்டார். அதற்கு இதுவரை யாரும் நீளமான பட்டியல் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்று பக்கக் கடிதத்தில் வேலை, வீடு, சபைக் கணக்கு எல்லாம் இருக்கிறது. மனைவி பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு வீட்டில், 'என்னிடம் உங்களுக்குக் கஷ்டமாக இருப்பது என்ன?' என்று கேளுங்கள். பதில் வரும். குறுக்கே பேசாமல், நியாயம் சொல்லாமல் கேட்டு முடியுங்கள். அதில் உங்களால் சொந்தமாகத் திருத்திக்கொள்ள முடியாத ஒன்றாவது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போங்கள்.

மாய்மாலம் பற்றிக் கேட்டீர்கள். பிசாசு பிடித்த மகனைக் கூட்டிவந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்றான். இருந்ததையும் சொன்னான், இல்லாததையும் சொன்னான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. நீங்களும் 'நீர் எனக்குத் தேவை என்பது எனக்குத் தெரியவில்லை, அதைத் தெரியப்படுத்தும்' என்று கேளுங்கள். அது உண்மையான ஜெபம். அதில் ஒரு வேண்டுதலும் இருக்கிறது.

கேள்வி: மூட்டுவலியால் முழங்காலில் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தால் தாழ்மைக்குறைவு ஆகுமா? — ஒரு பாட்டியம்மா

பதில்: ஆகாது அம்மா. மேலே சொன்ன ஆயக்காரன் நின்றுகொண்டுதான் ஜெபித்தான். எசேக்கியா ராஜா படுக்கையில் கிடந்து சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி ஜெபித்தான், பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டிக்கொடுக்கப்பட்டது. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள்.

கேள்வி: நான் பாடகர் குழுவில் பாடுகிறேன். யாராவது 'நன்றாகப் பாடினாய்' என்றால், 'ஐயோ, நான் ஒன்றுமே இல்லை, எல்லாம் கர்த்தர்' என்பேன். தோழி 'இது நடிப்பு' என்கிறாள். என்ன சொல்ல வேண்டும்? — கல்லூரி மாணவி

பதில்: 'நன்றி' என்று சொல் மகளே. அது போதும்.

நீ சொல்கிற வாக்கியம் தப்பில்லை. ஆனால் அதைச் சொன்ன உடனே எதிரில் நிற்பவர், 'அப்படியெல்லாம் இல்லை, உண்மையாகவே அருமை' என்று இரண்டாம் முறை பாராட்ட வேண்டியதாகிறது, பார்த்தாயா? தோழிக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கும். பவுல் தன்னை 'அப்போஸ்தலரெல்லாரிலும் சிறியவன்' என்று எழுதினார். அடுத்த வசனத்திலேயே 'அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்' என்றும் எழுதினார்; உழைத்ததை மறைக்கவில்லை. பிறகு 'நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே' என்று முடித்தார். வீட்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாய் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்.

கேள்வி: என் கணவர் கை நீட்டுகிறார். சபையில் ஒரு மூத்த சகோதரியிடம் சொன்னேன். 'தாழ்மையாக இரு, பொறுத்துக்கொள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்றார். நான் பொறுக்காவிட்டால் அது பெருமையா? — பெயர் இல்லை

பதில்: இல்லை அம்மா. அடி வாங்குவதற்குப் பெயர் தாழ்மை இல்லை. உங்களுக்கு அப்படி ஆலோசனை சொன்னது தவறு.

பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தான். அவர் பேசாமல் இருக்கவில்லை: 'நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?' என்று கேட்டார். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் 'சத்தமில்லாமல் போய்விடுங்கள்' என்று ஆள் அனுப்பியபோது, 'அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்' என்றார் பவுல். அதிகாரிகள் வந்து கெஞ்சும்படி ஆயிற்று. இவர்களையெல்லாம் தாழ்மை இல்லாதவர்கள் என்று அந்தச் சகோதரி சொல்வாரா?

உங்களுக்கு உதவி தேவை என்று ஒப்புக்கொண்டு வாய்விட்டுச் சொன்னீர்களே, அதுதான் தாழ்மை. இன்னொருவரிடமும் சொல்லுங்கள், இந்த முறை உங்களை நம்புகிற, உங்களைத் தங்க வைக்கக்கூடிய ஒருவரிடம். உயிருக்குப் பயம் இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். காவல்துறைக்குப் போவது விசுவாசக் குறைவு இல்லை. ஜெபம் அங்கிருந்தும் செய்யலாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலற்றுப் போய்விட்டது. ஊழியத்திலும் உதவியிலும் முன்னால் நின்றவர். இப்போது குளிப்பாட்ட விடமாட்டார், ஊட்ட விடமாட்டார். 'நான் உங்களுக்குப் பாரம்' என்கிறார். ஜெபமும் நின்றுவிட்டது. என்ன செய்வது? — மகன்

பதில்: மருத்துவமனைப் போதகராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பலரின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் தினமும் ரேசர் எடுத்துக்கொண்டு வருவார். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெள்ளைத் தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்து கிடந்தது. ஒருநாள் நான் போனபோது இடது கையால் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். பொத்தான் துளைக்குள் பாதி போகும், விரல் நழுவும், வெளியே வந்துவிடும். நான் கை நீட்டவில்லை. யோவான் 13 வாசிக்கட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார். சீஷர்களின் கால்களைக் கழுவ வந்த இயேசுவிடம் 'நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது' என்று பேதுரு சொல்கிற இடம் வந்ததும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, குழறலாக, 'போடுங்க' என்று பொத்தானைக் காட்டினார். போட்டேன். 'காலர் மடிஞ்சிருக்கு' என்று குற்றம் கண்டுபிடித்தார். தலைமையாசிரியர் அல்லவா!

கொடுத்தே பழகினவர்களுக்கு வாங்குவது வேதனை. பேதுருவுக்கும் அதுதான். ஆண்டவருக்காகக் கத்தியை உருவத் துணிந்தவருக்கு, அவர் முன்னால் காலை நீட்டத் துணிவில்லை. 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்று இயேசு கண்டிப்பாகச் சொன்னார். பிறருக்கு எவ்வளவு செய்கிறோம் என்பதை வைத்துத்தான் தாழ்மையை அளந்து பழகியிருக்கிறோம். நமக்குச் செய்ய விடுகிறோமா என்பதைக் கேட்பதே இல்லை. இயேசு சமாரியப் பெண்ணிடம் 'தாகத்துக்குத் தா' என்று கேட்டார். சில பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். சிலுவையைக்கூடக் கடைசியில் சிரேனே ஊரான் சீமோன்தான் தூக்கிவந்தான். தேவகுமாரன் வாங்கியிருக்கிறார், அப்பாவும் வாங்கலாம். ஆனால் இதை நீங்கள் அவருக்குப் பிரசங்கம் பண்ணாதீர்கள். வாசித்துக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தையிடம் பேசும் குரலில் அவரிடம் பேச வேண்டாம். தொடுவதற்கு முன் 'செய்யட்டுமா அப்பா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள். இடது கையால் முடிந்ததை நேரம் ஆனாலும் அவரே செய்யட்டும். உங்கள் கஷ்டம் ஒன்றைச் சொல்லி, 'எனக்காக ஜெபியுங்கள்' என்று நீங்களும் கேளுங்கள். அவருக்காக அவரே ஜெபிக்க முடியாத நாட்களில் உங்களுக்காக ஜெபிப்பார். சங்கீதம் 71-ஐப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். 'என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்' என்பது வயதானவர் எழுதிய வரி.

முக்கியமாக ஒன்று: பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பே அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ஜெபம் நின்றதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று முடிவுகட்டும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணாகமம் 12:3-ல், பூமியிலுள்ள எல்லாரிலும் மோசே மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று இருக்கிறது. அதை எழுதியதே மோசே என்கிறார்கள். தன்னைத்தானே இப்படி எழுதினால் அது என்ன சாந்தம் என்று என் மகன் கேட்கிறான். — ஞாயிறு பள்ளி ஆசிரியை

பதில்: பையன் கெட்டிக்காரன். அந்த வரியைப் பின்னால் வந்த ஒருவர் சேர்த்திருப்பார் என்று பலர் கருதுகிறார்கள். உபாகமத்தின் கடைசியில் மோசே செத்ததும், துக்கம் கொண்டாடியதும் இருக்கிறதே, அதையும் அவரே எழுதியிருக்க முடியாதல்லவா? எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஆனால் அந்த வசனம் எங்கே வருகிறது என்பதையும் பையனுக்குக் காட்டுங்கள். மிரியாமும் ஆரோனும் தம்பியைப் பற்றிப் பேசுகிறார்கள்: 'கர்த்தர் மோசேயைக்கொண்டுமாத்திரம் பேசினாரோ?' மோசே ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, கர்த்தர்தான் பதில் சொல்கிறார். மிரியாமுக்குக் குஷ்டம் வந்த பிறகுதான் மோசே வாயைத் திறக்கிறார், அதுவும் 'என் தேவனே, அவளைக் குணமாக்கும்' என்று கெஞ்சுவதற்கு. பையனை அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள், பதினாறே வசனம்தான். மூன்றாவதிலேயே நிறுத்தினால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.